துரை சொன்ன ஜாலான்

எனக்குக் கார்கள் பிடிக்கும், ராவுத்தரே. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். காரைக் கண்டாலே ஆகாதவன் என்று இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் யாரும் நினைத்துவிடக் கூடாது. சத்தத்தைக் கேட்டே கார் மேட்டில் ஏறுகிறதா பள்ளத்தில் இறங்குகிறதா என்று சொல்லிவிடுவேன்.

என் பெயர் சின்னையா. சிடாம் கிரிப் பக்கம் எங்கள் தோட்டத்து ஆற்றுத்துறையில் பதினொரு வருஷமாக மிதவை மண்டோர், மேஸ்திரி மாதிரி. மிதவை என்றதும் கப்பலை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான்கு படகுகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்தது, அவ்வளவுதான். ஒரு நடைக்கு ஒரு கார், அல்லது ஒரு மாட்டுவண்டி. இருளப்பனும் இன்னொருவனும் முன்னால் நின்று கரைக்குக் கரை கட்டிய வடத்தை இழுப்பார்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது, பின்னால் சங்கிலி மாட்டுவது, யார் முதலில் ஏறுவது என்று சொல்வது, இதெல்லாம் என் வேலை.

அந்த வேலை எனக்குச் சும்மா வரவில்லை. மலாய் தெரிந்ததால் வந்தது. கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் யாருக்கு ஒரு சொல் புரியாவிட்டாலும், "சின்னையாகிட்ட போய்க் கேளுலா" என்பார்கள். கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்ல அய்யூப் ராவுத்தர் நீங்கள் எப்படியோ, எங்கள் தோட்டத்துக்கு நான் அப்படி.

பினாங்கிலிருந்து மோட்டார் கிளப் துரைமார் ஈஸ்டர் லீவுக்கு வருஷம் தவறாமல் வருவார்கள். சொந்தக் கார் இருந்தால்தான் அந்தக் கிளப்பில் சேர முடியுமாம். எட்டு கார், ஒன்பது கார், வரிசையாக வரும். ரப்பர் மரத்து நிழலில் துணி விரித்துச் சாப்பிடுவார்கள், பெட்டியில் ஐஸ் இருக்கும், பாட்டுப் பெட்டி பாடும். மாட்டைப் படம் பிடிப்பார்கள், எங்களையும் படம் பிடிப்பார்கள். அவர்கள் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே எங்கள் சனம் ஞாயிற்றுக்கிழமையும் செம்மண் சுமந்து குழி மூடும். அவர்கள் முதுகு குலுங்காமலிருக்க எங்கள் முதுகு ஒடியும். எனக்கு அது எரிச்சல்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எரிச்சலுக்காக ஒருவனும் கொலை செய்யமாட்டான்.

போன வருஷம் எட்டு கார் வந்தன. கிளப்புக்குத் தலைவர், நரைத்த மீசைக்காரத் துரை, முதல் காரில். அவர் காரை ஏற்றிக் கட்டை கொடுத்து, மிதவையை அவிழ்க்கப்போகும் சமயம், மேட்டிலிருந்து ஒரு மாட்டுவண்டி இறங்கி வந்தது. கூடவே என் மச்சான் அய்யாவு ஓடிவந்தான். வண்டிக்குள் என் தங்கச்சி மருதம்மாள்.

"மச்சான், ரெண்டு நாளா வலி. புள்ள குறுக்க நிக்குதாம். மருத்துவச்சி கைவிட்டுட்டா. அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரணும், சீக்கிரம் ஏத்தி விடு" என்றான்.

நான் துரையிடம் ஓடினேன். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "துவான், ஓராங் சாகிட்" என்று வண்டியைக் காட்டினேன். நோயாளி இருக்கிறாள் என்று சொன்னேன். துரை வண்டியைப் பார்த்தார். கையை அதன் பக்கமாக வீசி, "ஜாலான், ஜாலான்" என்றார். அதற்குள் வடம் இழுபட்டு மிதவை நகர்ந்துவிட்டது. அக்கரை சேர்ந்ததும் அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

உங்களுக்கு நான் மலாய் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜாலான் என்றால் பாதை. ஜாலான் என்றால் போ என்றும் அர்த்தம். துரை கையை வீசிக்கொண்டு ஜாலான் என்றால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வேன்? இந்தப் பதினொரு வருஷத்தில் எங்களைப் பார்த்து ஒரு துரை கையை வீசினால் அது விரட்டுவதற்குத்தான். பாதையை மறிக்காதே, வண்டியை விலக்கு என்று எடுத்துக்கொண்டேன். என் இடத்தில் யார் நின்றிருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே என்பீர்கள். மலாய் தெரிந்தவன் எதற்கு இரண்டு தடவை கேட்க வேண்டும்?

வண்டியை ஓரத்து லாலான் புல்லில் இறக்கி நிறுத்தச் சொன்னேன். இரண்டாவது கார், மூன்றாவது கார் என்று ஏற்றினேன். மற்றத் துரைமார் மரத்தடியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குள் என்ன என்று ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாவது நடை முடிந்து இக்கரை வந்தபோது மருதம்மாள் தட்டியை விலக்கிக் கேட்டாள்.

"இன்னும் எத்தன காருண்ணே?"

"ரெண்டுதாம்மா" என்றேன். ஐந்து இருந்தன.

ஐந்தாவது கார் நடு ஆற்றில் இருந்தபோது கரையில் அய்யாவு கத்தினான். மருதம்மாள் போய்விட்டாள், பிள்ளை வயிற்றிலேயே இருந்தது. நான் மிதவையில் குனிந்து கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையைப் பாதியில் விட முடியாது, விட்டால் கார் உருண்டுவிடும்.

அய்யாவுவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். "தொரதான் வண்டிய ஓரங்கட்டச் சொன்னான் மச்சான்." லயம் முழுக்க அதுதான் பேச்சு. மனிதனா அவன், வயிற்றுப் பிள்ளைக்காரியை விடக் காரு பெரிசாப் போச்சா என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். நானும் தூற்றினேன். அந்தக் கோபம் இல்லாவிட்டால் அந்த வருஷம் எனக்குச் சோறு இறங்கியிருக்காது. காலையில் எழுந்தால் அந்த நரைத்த மீசைதான் முதலில் ஞாபகம் வரும். அவன் விளங்கமாட்டான் என்று காறித் துப்பிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

இந்த வருஷம் மறுபடியும் வந்தார்கள். கொல்ல வேண்டும் என்ற எண்ணம் சத்தியமாக எனக்கு இல்லை. முகத்துக்கு நேரே ஒரு தடவை முறைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்திருந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நான் ஆத்திரக்காரன் இல்லை.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவர் கார்தான் முதலில் வந்தது, பக்கத்தில் அவர் சம்சாரம். பெண்கள் இறங்கிச் சம்பான் படகில் வரவேண்டும் என்பது எங்கள் துறை வழக்கம். மரியாதையாகச் சொன்னேன், அந்த அம்மாள் இறங்கினார். துரைக்கு முழங்கால் வலி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு வருஷத்தில் மலாயில் நன்றாகத் தேறியிருந்தார்.

"போன தடவை வண்டியில் வந்தாளே, அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார். "எனக்குப் பின்னால் அவளைத்தான் முதலில் விட வேண்டும் என்று உன்னிடம் ஜாலான் சொல்லிவிட்டுப் போனேனே. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளா?"

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே என் கையில் ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தார். பிள்ளைக்காம். என்ன பிள்ளை என்று துரை கேட்டார்.

"ஆண் பிள்ளை, துவான்" என்றேன்.

அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

ராவுத்தரே, நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஒரு வருஷம் ஒருவனை வெறுத்து வைத்திருக்கிறேன். அந்த வெறுப்பில்தான் உயிரோடு இருக்கிறேன். அவன் வந்து, நான் விடத்தான் சொன்னேன் என்கிறான். அப்படியானால் மருதம்மாளை நிறுத்தி வைத்தது யார்? இப்படி ஒரு பேச்சை ஒருவன் சிரித்த முகத்தோடு பேசலாமா? அன்றைக்கு வந்த கோபம் எனக்கு என் ஆயுசில் வந்ததில்லை. டின்னைப் பத்திரமாகக் கரையில் வைத்துவிட்டு வந்தேன்.

தூறல் படாமலிருக்கக் காரின் பக்கத் திரைகளை இரண்டு பக்கமும் இழுத்துப் பொத்தான் போட்டுக் கொடுத்தேன். துரை நன்றி சொன்னார். சம்பான் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. நடு ஆற்றில், நீரோட்டம் அடிக்கிற இடத்தில், இருளப்பனும் மற்றவனும் முதுகைக் காட்டிக்கொண்டு வடத்தை இழுக்கையில், பின்சங்கிலியைக் கழற்றினேன். பின்சக்கரத்துக் கட்டையைக் காலால் தள்ளினேன். கைப்பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது. திரைக்கு வெளியே நின்று கூப்பிட்டேன்.

"துவான், ஜாலான்."

முன் கண்ணாடியில் மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, கரை வந்துவிட்டது என்று நினைத்துப் பிரேக்கை விட்டார். நான் சொன்னதை ஒரே தடவையில் புரிந்துகொண்டார். வடம் இழுத்த வேகத்தில் மிதவை முன்னே போக, கார் பின்னே உருண்டு ஆற்றில் இறங்கியது. திரைக்குள்ளிருந்து வெளியே வர முடியவில்லை.

நான் குதித்தேன். மூன்று தடவை முங்கி, அவரைத் தூக்கிக்கொண்டு வந்தவனும் நான்தான். விசாரணையில் பிரேக் பழுது என்று முடித்துவிட்டார்கள். அந்த அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

பிறகு ஏன் வந்தாய் என்று கேட்கிறீர்கள். நேற்று அந்த அம்மாளிடமிருந்து எங்கள் ஆபீசுக்குக் கடிதம் வந்திருக்கிறது. புருஷன் கடைசியாகச் சந்தோஷப்பட்டது அந்தப் பிள்ளையைப் பற்றித்தானாம். அவர் முதலில் போகவிடச் சொன்ன பெண்ணுக்குப் பிறந்த ஆண் பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டுமாம். யார் அந்தப் பிள்ளை என்று நாளைக் காலைப் பெரட்டில், ஆள் கூப்பிடும்போது, எல்லோர் முன்னிலையிலும் ஆபீஸ் கிராணி கேட்கப் போகிறார். அய்யாவுவும் நிற்பான். அந்த அம்மாளைச் சம்பானுக்கு இறக்கிவிட்டது என் தப்பு. அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

அதனால்தான் இன்றைக்கே வந்துவிட்டேன். கொன்றவன் நான். சங்கிலியைக் கழற்றியதும் கட்டையைத் தள்ளியதும் பிரேக்கை விடவைத்ததும் நான். தங்கச்சிக்காகச் செய்தேன். எல்லாவற்றையும் அப்படியே இங்கிலீஷில் எழுதுங்கள், கைநாட்டு வைக்கிறேன். தூக்கில் போட்டாலும் சரி. தங்கச்சிக்காக உயிரைக் கொடுத்தான் என்று லயத்தில் சொல்வார்கள்.

ஒரு இடத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். போன வருஷம் துரை ஜாலான் சொன்னார் என்று எழுத வேண்டாம். வண்டியை நிறுத்து என்று சொன்னார் என எழுதுங்கள். அந்த அம்மாள் வெள்ளைக்காரி, அவருக்கு மலாய் என்ன தெரியும்? எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? எழுதுங்கள், ராவுத்தரே. மருதம்மாளை லாலானில் நிறுத்தி வைத்தது துரைதான்.