நான் முதன்முதல் இரத்தம் எடுத்த கை

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் நான் சொல்லக் காவலர் எழுதிக்கொண்டபடி சரி. வயது நாற்பத்தொன்று. வீட்டில் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், நான். கணவர் பேருந்து பணிமனையில் வேலை செய்கிறார்.

நான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் பிரிவில் இருந்தேன். தொழிற்சாலையை மூடிய பிறகு, மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரத்தம் எடுக்கும் டெக்னீஷியன் பயிற்சியில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாரும் என் மகள் வயதுப் பிள்ளைகள். மகள் சிரித்தாள். "வெங்காயம் நறுக்கினாலே விரல்ல கட்டுப் போட்டுக்கிற ஆளு நீ, உன்கிட்ட யாரும்மா கைய நீட்டுவாங்க?" என்று கேட்டாள். கணவருக்கு இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். ஆனாலும், ஊசி கிடையாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, டிவி பார்க்கும்போதெல்லாம் இடது கையை நீட்டுவார். நான் துப்பட்டாவால் கட்டி, கண்ணை மூடி, விரலால் நரம்பைத் தேடிப் பழகினேன். வீட்டுக்கு வந்த உறவுக்காரர் யாரும் தப்பவில்லை. "ஒரு வாய் தண்ணி குடிக்க வந்தாலும் கையப் பிடிச்சுத் தடவுறா" என்று நாத்தனார் ஊரெல்லாம் சொன்னார்.

அதன் பிறகு ரப்பர் கையில் பழகி, அதன் பிறகு பயிற்சி தரும் மேடம் முன்னிலையில் நோயாளிகளிடம் எடுக்க அனுமதித்தார்கள். மேடம் என்னைவிட இளையவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார். தப்புச் செய்தால் அக்காவாவது தங்கையாவது என்று திட்டித் தீர்த்துவிடுவார்.

எனக்கு வந்த முதல் நோயாளி, இந்த வழக்கில் சம்பந்தப்பட்ட நபர். வெல்டிங் வேலை செய்பவர், அன்று காய்ச்சலுக்காக வந்திருந்தார். அவருடைய வலது முழங்கை மடிப்புக்குக் கீழே தீப்பொறி பட்ட வடு ஒன்று பிறை போல இருந்தது. அதை ஒட்டிச் சாய்வாக ஓடிய நரம்பு, தொட்டால் நழுவியது. நான் இரண்டு முறை தேடியும் நரம்பு பிடிபடாததைப் பார்த்து, "விடுங்கக்கா, நான் எடுக்கிறேன்" என்று மேடம் முன்னால் வந்தார். அதற்கு மேற்படி நபர், "இருக்கட்டும் மேடம், அவங்களே எடுக்கட்டும். நானும் கைய சுட்டுக்கிட்டுதான் தொழில் கத்துக்கிட்டேன்" என்றார். நான் தோலைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்து, காலர் முனையைத் திருப்புகிற பொறுமையோடு ஊசியைச் செலுத்தினேன். குழாயில் இரத்தம் ஏறியது. "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லையே!" என்று அவர் சொன்னார். அதன் பிறகு எத்தனையோ பேருக்கு எடுத்துவிட்டேன். ஆனால் அந்தக் கையை ஆயிரம் கைகளுக்கு நடுவே வைத்தாலும் கண்டுபிடிப்பேன்.

சம்பவத்தன்று காலை, ஓட்டுநர் வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்கு என்று ஒருவர் முகக்கவசத்தோடு வந்தார். பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டேன், தடுமாறாமல் சொன்னார். அடையாள அட்டையிலிருந்த படமும் ஏறக்குறைய ஒத்திருந்தது. சட்டைக் கையை மடித்து ரப்பர் பட்டையைக் கட்டினேன். அந்த வடுவைப் பார்த்தேன். விரலை வைத்தேன்; நரம்பு அதேபோல நழுவியது. பெயர் மட்டும் வேறாக இருந்தது. தவறாகச் சந்தேகப்பட்டால் என் பயிற்சியே போய்விடும் என்று பயமாக இருந்தது. ஊசியின் மூடியைத் திறக்காமல், "இந்தத் தடவையாவது எறும்பு கடிக்குதான்னு பார்ப்போமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "அட, நீங்களா அக்கா? நல்லாத் தேறிட்டீங்களே!" என்றார். சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது.

அதன் பிறகு முகக்கவசத்தை இறக்கி, அது தன் அண்ணன் பெயர் என்று ஒப்புக்கொண்டார். "அவனுக்கு சுகர் எக்கச்சக்கம்க்கா. அவன் ரத்தம் சோதனைக்குப் போச்சுன்னா வேலை போச்சு. ஒரு டியூப்தானே, கண்டுக்காம எடுத்துடுங்க" என்றார். எந்த வண்டி ஓட்டும் வேலை என்று கேட்டேன். ஸ்கூல் பஸ் என்றார். நான் பட்டையை அவிழ்த்துவிட்டேன். "அன்னைக்கு நான் கை குடுக்கலைன்னா இன்னைக்கு நீங்க இங்க நிப்பீங்களா?" என்று கேட்டார். "நிக்க மாட்டேன். அதுக்காக உங்க ரத்தத்துல உங்க அண்ணன் பேரை ஒட்ட முடியாது தம்பி" என்று சொல்லி, மேடத்தை அழைக்கும் மணியை அழுத்தினேன். அவர் அவசரமாக எழுந்தபோது தட்டு சரிந்து விழுந்தது. அவர் என்னைத் தள்ளியதாக யாராவது சொல்லியிருந்தால் அது சரியல்ல. என் மேல் விரல்கூடப் படவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. இதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு மருத்துவமனை தரப்பில் ஆள்மாறாட்டம் என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். அன்று மாலை நடந்ததை வீட்டில் சொன்னேன். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கல்லூரித் தோழிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, "எங்கம்மா கையப் பார்த்தே ஆளைப் பிடிச்சுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் மேற்படி நபரின் அண்ணன் தனியாக வந்தார். "என் தம்பிய மாட்டிவிட்டது நீங்கதானா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். "எனக்காக அவன் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறான். வேலை வராதுன்னு தெரியும். உடம்பையாவது பார்த்துக்கிறேன். நீங்களே எடுங்க" என்றார்.

அவருடைய கை சதைப்பிடிப்பானது. நரம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. மேடம் என் பின்னால் வந்து நின்றார். இந்த முறை 'நான் எடுக்கிறேன்' என்று சொல்லவில்லை. நான் விரலால் தேடிப் பிடித்து ஒரே குத்தில் எடுத்தேன். அன்றே அவரை வார்டில் சேர்த்தார்கள். இப்போது தேறி வருகிறார். நான் பயிற்சியை முடித்துத் தேர்ச்சி பெற்று, அதே அறையில் வேலையில் இருக்கிறேன்.

மேலே கண்டவை நான் கண்டதும் செய்ததும் மட்டுமே. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டு, கூட்டாமல் குறைக்காமல் உண்மையே என்று, யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
இரத்தம் எடுக்கும் டெக்னீஷியன்