மிச்சக் கஞ்சி

— நேத்து வரைக்கும் எங்க வீட்டுக்காரவுக மருந்து சீசாவக் கண்டாலே முகத்தத் திருப்பிக்கிடுவாவ, கம்பவுண்டர் அண்ணாச்சி. இன்னைக்குக் காலையில, கோமு, அதக் கொண்டா, நானே குடிக்கேன்னுட்டாவ. அதச் சொல்லத்தான் முக்கூடல்ல இருந்து நடந்தே வந்தேன். இனிமே கலந்து குடுக்க வேண்டாம்லா.

— பொறு தாயி. எதுல கலந்த?

— கஞ்சியில.

— ரெண்டு மாசமாவா? சாப்பிட்ட பொறவு தண்ணியில விட்டுக் குடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.

— சிவதீட்சை வாங்கினவுக அண்ணாச்சி. சாராயத்துல ஊறின மருந்து நாக்குல படப்படாதுன்னு ஒரே பிடி. படுக்க மாட்டாம மூச்சு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்காவ, நான் என்ன செய்ய? கேப்பையத் தவிட்டோட அரச்சுக் கஞ்சி காய்ச்சி, அதுல விட்டுக் கிண்டிட்டேன். வாசம் தெரியல.

— அங்கனதான் கெட்டுது. தவிட்டுக் கஞ்சியில விட்டா மருந்து தவிட்டோட ஒட்டி அடியில தங்கிரும், மேலாப்புல குடிக்கவருக்குச் சரியா ஏறாது. காலு வீக்கம் வத்தலயேன்னு டாக்டர் பத்துச் சொட்ட இருபதாக்கினாரு. சிவசைலம் பிள்ளை கஞ்சிய முழுசாவாவது குடிச்சாரா?

— பாதிதான். வயித்துல நீர் கோத்திருக்கு, எங்க எறங்குது.

— மிச்சப் பாதி?

— என்ன கேள்வி அண்ணாச்சி. கொல்லம் ரயிலு ஓட ஆரம்பிச்ச வருசம் கழுத்த நீட்டினேன். அன்னையில இருந்து அவுக மிச்சம் வைக்கதுதான் நான் சாப்பிடுதது.

— மருந்து கெடக்குன்னு தெரிஞ்சுமா?

— கீழ கொட்டச் சொல்லுதியளா? நெலமெல்லாம் போன வீடு, வேற என்ன இருக்கு? அவுகளுக்கு நல்லது செய்யுத மருந்து எனக்கு என்ன செஞ்சிரும்?

— இங்கன வெளிச்சத்துக்கு வா. கைய நீட்டு, நாடி பாக்கணும். பையத்தான் அடிக்குது. ரொம்பப் பைய. கொமட்டல் உண்டா?

— ஒரு மாசமா வாந்தி. சோத்தக் கண்டா ஆகல, தலை கிறுகிறுங்குது. அதனாலதான் அவுக மருந்துக்கே ஒத்துக்கிட்டாவ.

— வெளங்கலயே தாயி.

— எட்டு வருசமாப் பிள்ளை இல்லயா. நான் வாந்தியெடுக்கதப் பாத்துட்டு, பக்கத்து வீட்டு உலகம்மா அக்கா அவுக காதுல போட்டுட்டா. எத்தனையோ நாளைக்குப் பொறவு மனுசரு சிரிச்சாரு. பிள்ளை முகத்தப் பாக்காமப் போகமாட்டேன், தீட்சை போனாப் போகட்டும்னு சொல்லுதாவ. ஐயம்பெருமாள்னு அவுக அப்பா பேரு வைக்கணுமாம்.

— எப்படிச் சொல்லுவேன் கோமு. அது பிள்ளை இல்ல. இந்த மருந்து அளவுக்கு மிஞ்சினா வாந்திதான் மொதல்ல காட்டும். அந்த மிச்சக் கஞ்சிய இனிமே தொடாத. நின்னுரும்.

— அவுகளுக்கு எம்புட்டு குடுக்க?

— பத்துச் சொட்டு. சாப்பிட்ட பொறவு, தண்ணியில. இருபது ஆகாது, இனிமே தடுக்கதுக்குக் கஞ்சி இல்ல. ஆனா தாயி, ஒங்கிட்ட மறைக்கப்படாது. ரெண்டு மாசம் வீணாப் போச்சு. அவரு உசுரு மார்கழி தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

— மார்கழியா.

— இன்னும் மூணு மாசம். பிள்ளை இல்லன்னு நீயே பக்கத்துல உக்காந்து பக்குவமாச் சொல்லிரு. நம்பிக்கிட்டுக் கெடக்க மனுசன ஏமாத்தி அனுப்ப வேண்டாம், என்ன நான் சொல்லுதது?

— பிள்ளை இல்லன்னு எனக்கு முன்னமே தெரியும் அண்ணாச்சி. அஞ்சு நாளைக்கு முந்தி வீட்டுக்குத் தூரமாயிட்டேன். ஒதுங்கி உக்காந்தா அவுகளுக்குத் தெரிஞ்சிருமேன்னு, மூணு நாளும் அடுப்படியிலயே நின்னு சமைச்சுப் போட்டேன்.