சர்ச்சு மண்டபத்து விருந்தாளி

போடியிலிருந்து சிலமலை போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் தூக்குவாளி வைத்திருந்தவள் சொன்னாள்:

“எங்க சர்ச்சு மண்டபத்துல இப்ப நாந்தேன்க்கா விருந்தாளி.”

“மலையில மண்ணு சரிஞ்சு வீடு போனவுகளத்தான தங்க வச்சிருக்கீக?”

“ஆமா. அவுகளுக்குச் சமைக்கத்தேன் போனேன். என் சாம்பார ஒருநா சாப்பிட்டாக. மறுநாளே, ‘நீங்க உக்காருங்கக்கா’ன்னு கரண்டியப் புடுங்கிக்கிட்டாக.”

“நீயும் குடுத்துட்டியாக்கும்?”

“கை சும்மா இருந்தா இடிஞ்ச வீடுதேன் கண்ணுல நிக்குதாம். பெறகு எப்படிக்கா தடுக்குறது? ஏலக்காத் தோட்டத்துக்குப் போற பழக்கம், விடியுமுன்ன சமைச்சு முடிச்சிர்றாக. நான் போனா எல போட்டுப் பரிமாறுறாக.”

“அப்ப வாளியில என்ன கொண்டு போற?”

“வெறும் வாளிக்கா. அவுக வைக்கிற கொழம்பு எங்க வீட்டுக்காரருக்கும் வேணுமாம்.”