பிரிச்சுப் பாக்காத பார்சல்

— போனை ஆஃப் பண்ணிராதீங்கக்கா. ஆத்மநாதன் சம்சாரம் மறுபடி கூப்பிடும்.

— ஆஃப் பண்ணல தம்பி, கையிலதான் வச்சிருக்கேன். யா அல்லா, "எங்க வீட்டுக்காரருட்ட என்னத்தக் குடுத்து அனுப்புனீங்க"ன்னு கேக்குதே, நான் என்னத்தச் சொல்ல?

— சிம்பிள்க்கா. அவரு பெட்டியில இருந்த இட்லிப்பொடி டப்பாவுக்குள்ள தூக்க மாத்திரை. தோஹா ஏர்போர்ட்ல பிடிச்சு வச்சிருக்காங்க. டப்பா அவரோடது இல்ல, நம்ம ஆப்புல வந்த பார்சல்.

— இங்கிட்டு டாக்டர் சீட்டுக்குக் குடுக்குற மாத்திரைதானே தம்பி?

— அங்கிட்டு அது கஞ்சா மாதிரி.

— நிலவழகன், ஷமீமா! "பெட்டியில எடம்" டீம் அடுத்தது. என்ன ரெண்டு பேரும் இப்படி வெளிறிப்போய் நிக்கிறீங்க?

— ஒண்ணுமில்ல ஷர்லி மேடம். அஞ்சே நிமிசம்.

— அஞ்சுதான். ஒங்க ஐடியாவுக்கு மார்க் போடுற பேனல்ல மூணு பேரு, அதுல ஒருத்தர் புதுக் கம்பெனி ஆரம்பிக்கவே பணம் போடுறவரு. ஒங்க ஐடியா ரொம்பப் பிடிச்சிருக்காம் அவருக்கு. வளைகுடா போறவங்க பெட்டியில மிச்ச எடத்தை ஊருக்கே பிரிச்சுக் குடுக்குறது! கெடுத்துராதீங்க.

— சரி மேடம்.

— போயிட்டாங்களா?

— போயிட்டாங்க. இப்பச் சொல்லுங்க. அந்த டப்பாவ அனுப்புனது யாரு?

— வேணாம் தம்பி.

— ஒங்க லாகின்ல ஏறியிருக்கு. ஸ்மார்ட்போன் இல்லாத பொம்பளைங்களுக்கெல்லாம் நீங்கதானே பதிஞ்சு குடுத்தீங்க. வாங்குறவரு நம்பர் காலி.

— எறங்குனதும் நம்பரக் குடுக்குறேன்னு ஆத்மநாதன்ட்ட சொல்லியிருந்தேன்.

— நான் ரூல் எழுதி வச்சேன். எந்தப் பார்சலையும் பிரிச்சு, போட்டோ எடுத்து, அப்பறந்தான் கையில குடுக்கணும். அந்த ரூலத் தூக்குனது யாரு?

— நாந்தான். அறந்தாங்கில ஒருத்தர் குடுத்த பார்சலப் பிரிச்சா மூஞ்சியில அடிச்ச மாதிரி. "எங்களத் திருடின்னு நெனைக்கிறியா ஷமீமா"ன்னு கேட்டுப்புட்டு, ஒரே வாரத்துல எட்டுப் பேரு வெலகிட்டாக. கஸ்டமரக் கேட்டு மாத்துங்கன்னு இந்தத் தொழில் பயிற்சிக் கிளாஸ்லதானே சொன்னாங்க? நான் கேட்டேன், மாத்துனேன்.

— நானும் சரின்னுட்டேன். ஆளு கூடுதேன்னு சந்தோசமா இருந்துச்சு. அது என் தப்புந்தான்.

— உள்ள போயி உண்மையச் சொல்லிருவோம் தம்பி. சர்டிபிகேட்டு போனாப் போகட்டும். நான் ஆறு மாசமா சனி, ஞாயிறு ரெண்டு புள்ளைங்களப் பக்கத்து வீட்டுல ஒப்படைச்சுட்டு பஸ் ஏறி வந்தவதான். எனக்கு மட்டும் வயிறு எரியாதா?

— அதுனால ஆத்மநாதன் வெளிய வருவாரா? அவரு சம்சாரம் எம்பசியில பேசிருச்சு. யாருக்குப் போற பார்சல்னு பேரும் நம்பரும் குடுத்தா, இவரு வெறுமனே தூக்கிட்டு வந்தவருன்னு நிரூபிக்கலாமாம். சாயந்தரத்துக்குள்ள குடுக்கணும்.

— குடுத்தா அந்த ஆளப் பிடிப்பாங்களே.

— பிடிக்கட்டும்.

— அவருக்கு ஒண்ணுமே தெரியாது தம்பி. வேல எடத்துல என்ன பிரச்சினையோ, மூணு மாசமாத் தூக்கமே இல்லன்னு போன்ல அழுதிருக்காரு. பெத்த அம்மாவுக்கு மனசு கேக்கல. தனக்கு ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரையத் தின்னாமச் சேத்து வச்சு, பொடிக்குள்ள பொதச்சு அனுப்பிருச்சு. எங்கிட்டயும் வெறும் பொடின்னுதான் சொன்னிச்சு. இன்னைக்குக் காலையில கேட்டப்பத்தான் கால்ல விழுந்து அழுவுது.

— பாவந்தான். இல்லேங்கல. ஆனா ஆத்மநாதனும் ஒருத்தி பெத்த புள்ளதானேக்கா? அந்தம்மா செஞ்சதுக்கு இவரு ஏன் உள்ள கெடக்கணும்?

— நீங்க சொல்றது நியாயந்தான்.

— அப்பச் சொல்லுங்க. பேனல்லயும் இதத்தான் சொல்லப்போறேன். நாம வெறும் பிளாட்பாரம். அனுப்புனவங்க, வாங்குறவங்க, அவங்கதான் பொறுப்பு. தப்பு நடந்தா யாரு எவருன்னு பாக்காம பேரக் குடுத்துருவோம். அப்பத்தான் நாளைக்கு நம்பி ஒருத்தன் பார்சல் வாங்குவான்.

— யாரு எவருன்னு பாக்காமயா?

— பாக்காமத்தான். சிம்பிள்.

— ஆத்தாடி, போனு அடிக்குது. அந்தப் பொண்ணுதான்.

— எடுக்க வேணாம், இருங்க. மெசேஜ் டைப் பண்ணிட்டேன். "பார்சல் இவருக்குப் போறது, இந்த நம்பர்ல விசாரிக்கவும்." பேரும் நம்பரும் மட்டுந்தான் பாக்கி. சொல்லுங்கக்கா, சீக்கிரம்.

— நீங்களே போட்டுக்கங்க தம்பி. ஒங்க அண்ணன் நம்பரு ஒங்க போன்லயே இருக்கும்.