எடுக்காத கால்

வேணாம் டாக்டரம்மா, போற வழியில டேசன்ல எறங்க வேணாம். திருமலை மேல பிராது குடுக்கறதுக்கு முன்னாடி நான் சொல்றத கேட்டுடுங்க. உப்பு வண்டிக்காரன் மாட்ட அவுத்துகினு வரேன்னு போயிருக்கான். இந்தக் காலாடிப்பேட்டையில இருந்து ராயபுரம் வரைக்கும் மாடுதான் நம்ப காரு வண்டிய இஸ்துகினு போவணும். நேரம் கீது. நீங்க அந்தப் பூவரச மரத்தாண்ட நெழல்ல நில்லுங்க.

ஆமா, கிளச்சு பிளேட்டு கருகின நாத்தம்தான். மூக்குல ஏறினா ரெண்டு நாளு போவாது. கொழந்த பொறந்து நாம திரும்பி வரப்ப நின்னுச்சே, அது போதும். எண்ணூருக்குப் போறப்ப நின்னிருந்தா அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணு கதி இன்னாவறது.

திருமலை பழைய பிளேட்ட போட்டு புதுசுன்னு ஏமாத்திட்டான்னு யாரு சொன்னது? பட்டம்மாளா? அது சொல்லும். உங்க ஆஸ்பத்திரியில தர கழுவுற பொம்பளைக்கு கிளச்சப் பத்தி இன்னா தெரியும். என் தம்பி பொஞ்சாதிதான், இல்லேங்கல. ஒரே வூடு, ஒரே பானை சோறு. இருந்தாலும் திருமலை விசயத்துல அது பேச்ச கேக்காதீங்க. அவன் ரிப்பேரு செட்டு வழியா போனா வாசல்ல காறித் துப்பிட்டுத்தான் போவும். மூணு வருசமா அப்டித்தான். அவன் ஒரு சொம்புத் தண்ணி எடுத்தாந்து வாசல்ல ஊத்திட்டு வேலயப் பாப்பான்.

கணக்கா யோசிச்சுப் பாருங்க. இந்த வண்டிய கப்பல் தொர ஊருக்குப் போறப்ப உங்களுக்கு வித்துட்டுப் போனாரு. அவரு கையில ஆறு வருசம் ஒரே பிளேட்டுல ஓடிச்சு. நம்ப கைக்கு வந்து மூணு மாசத்துல போச்சு. சரி, பழைய வண்டிதானே, தேஞ்சிருக்கும்னு நீங்களே சொன்னீங்க. திருமலை புதுசு போட்டான். மெழுவுக் காயிதத்த என் கண்ணு முன்னாலதான் பிரிச்சான். அது ஆறு வாரம்கூட வரல. வண்டி மேலயும் தப்பில்ல, பிளேட்டு மேலயும் தப்பில்ல. அப்பால மிச்சம் யாரு கீறா?

நாந்தாம்மா. என் எடது காலு.

கிளச்சு மிதிய கியர் மாத்துறப்ப மட்டுந்தான் மிதிக்கணும். மாத்தினதும் கால கீழ வெச்சிடணும். லேசா கால் பட்டுகினு இருந்தாகூட பிளேட்டு சரியா ஒட்டாது. ஒட்டாம உரசிகினே ஓடும். உரசினா சூடாவும், சூடானா கருகும். வண்டி கத்துக்குடுத்தவன் தலதலயா அடிச்சிகினான், டேய் மிதி இன்னா உங்கப்பன் வூட்டுத் தலகாணியா, கால எடுடான்னு. எடுப்பேன். ரோட்டுல யாராச்சும் குறுக்க வந்தா போதும், காலு தானா போயி மிதி மேல குந்திக்கும். அப்பால எடுக்க வராது. எடுத்தா யாரு மேலயோ இன்னாவோ வுழுந்துடும்னு தோணும்.

அன்னிக்கு எடது கால முட்டிக்குக் கீழ துண்டப் போட்டு சீட்டோட கட்டிகினு ஓட்டினேனே, ஞாபகம் கீதா? காசிமேட்டாண்ட மீன்காரம்மா குறுக்க வந்து, மிதிக்க முடியாம வண்டி குலுங்கி நின்னுச்சே. இன்னாடான்னு கேட்டீங்க, சொறின்னேன். நீங்களும் களிம்பு குடுத்தீங்க. அது பொய்யிம்மா. களிம்பு டப்பா இன்னும் தொறக்காமதான் கீது.

முன்ன ஓட்டின ரெண்டு எடத்துலயும் இதே கததான். கிளச்சு போவும், நானே சொல்லிக்காம நின்னுடுவேன்.

ஆர்பர்ல வேல பண்ணேன்னு சொன்னேன் இல்ல. மூட்ட தூக்கல. கப்பல் மேல விஞ்சு ஓட்டினேன். கயித்துல மூட்டயக் கட்டி ஏத்தி எறக்குற மிசினு. அதுக்கு பெரேக்கு எடது காலுல. மூட்ட அந்தரத்துல தொங்குற வரைக்கும் காலு பெரேக்கு மேலயே இருக்கணும். கீழ போயி குந்தின அப்பாலதான் எடுக்கணும். பன்னெண்டு வருசம் அப்டி நின்ன காலு இது. வூட்ல சோறு துன்றப்பகூட எடது கால அழுத்தி வெச்சிகினு குந்தியிருப்பேன், எங்கம்மா சிரிக்கும்.

ஒரே தபாதான் எடுத்தேன்.

எறும்பு கடிச்சுதும்மா. சக்கர மூட்ட ஏத்துன நாளு, கப்பல் பூரா எறும்பு. கணுக்கால்ல ஒண்ணு கடிச்சுது. வலது காலால ஒரு தேய் தேய்ச்சேன். அதுக்கு எடது கால தூக்கினேன். நான் தூக்கினது எனக்கே தெர்ல. எட்டு மூட்ட. கீழ கப்பல் வயித்துல என் தம்பி கிருஷ்ணப்பன் நின்னுகினு இருந்தான். கயிறு லேசா ஆடுதேன்னு மேல பாத்தானாம். பக்கத்துல இருந்தவன் சொன்னான்.

இல்லம்மா, தண்ணி வேணாம். நான் நல்லாத்தான் கீறேன்.

பட்டம்மாள் அப்ப வந்து நாலு மாசம் ஆச்சு நம்ப வூட்டுக்கு. கையில மருதாணி கூட பூரா போவல. மறுநாளு ஆர்பர் தொர என்னக் கூப்ட்டு வெச்சிக் கேட்டாரு. பெரேக்கு புடிக்கலியான்னாரு. நான் ஆமான்னு தலய ஆட்டினேன். தல ஆடினதுதான். முந்தின நாளுதான் பிட்டரு அந்த பெரேக்குக்குப் புதுப் பட்டை போட்டிருந்தான். சரியா போடலன்னு எழுதிட்டாங்க. பதினாறு வருசம் வேல பாத்தவன், அன்னிக்கே கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டாங்க. எனக்கு ஒரு வாரம் லீவு குடுத்தாங்க. அப்பால நான் கப்பல் பக்கமே போவல.

அந்த பிட்டரு வேற எங்க போவான். கல்லறை ரோட்டாண்ட ஒரு செட்டு போட்டான். காரு ரிப்பேரு. ஆமா. திருமலைதான்.

அவனுக்குத் தெரியுமான்னா கேக்கறீங்க? போன தபா கருகின பிளேட்ட கழட்டி எடுத்து வெயில்ல திருப்பித் திருப்பி பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். அப்பால, சுப்புராயா, விஞ்சுல நீ எந்தக் காலு வெச்சிகினு இருந்தன்னு கேட்டான். எடது காலுன்னேன். சரின்னான். புதுப் பிளேட்ட எடுத்து மாட்ட ஆரம்பிச்சான். அதுக்கப்பால அவன் அதப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அதோ மாடு வந்துடுச்சு. நீங்க பின்னால ஏறி குந்துங்க. நான் ஸ்டேரிங்க மட்டும் புடிச்சிகினு வரேன், இஸ்துகினு போற வண்டியில காலுக்கு வேல இல்ல. டேசன்ல நிக்க வேணாம், நேரா செட்டுக்கே போலாம். போற வழியில ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு நிமிசம் நிறுத்தச் சொல்றேன். நீங்க உள்ள போயி பட்டம்மாள கையோட இட்டாந்துடுங்கம்மா. நான் கூப்ட்டா எதுக்குன்னு கேக்கும். வழியிலயே கேட்டுச்சுன்னா, அப்பால செட்டுல அவங்க ரெண்டு பேரு முன்னாடியும் இதச் சொல்ல எனக்கு வாய் தொறக்காது.