மீன் கதையும் விதைநெல்லும்

மகளைக் காய்ச்சலோடு முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பிய எனக்கு, பஸ்ஸில் எவருடைய கதையும் காதில் ஏறவில்லை. முன்சீட்டுப் பெண் தன் கணவரிடம் சொன்னதுதான் என்னை நிமிர வைத்தது.

"இண்டைக்கும் வலை நிறைய மீன் பிடிச்ச கதையைச் சொல்லிப்போடாதேங்கோ."

கணவர் மாதா கோயில் உபதேசியார். வட்டக்கச்சியில் வயல் செய்யும் ஒரு சைவக் கமக்காரர் வீட்டுக்கு யேசுவின் வேதம் சொல்லப் போகிறார்.

"மீன் மச்சம் தொடாத ஆக்களெண்டு எனக்கெப்படித் தெரியும்? அடுத்தமுறை விதைக்கிறவன்ர உவமையைச் சொன்னன்தானே."

"அதுக்கென்ன சொன்னவை?"

"பாதையிலயும் பாறையிலயும் விதைநெல்லை எறிஞ்சவன் என்ன கமக்காரனெண்டு சிரிச்சவை. இண்டைக்கும் சரிவராட்டில் இனி வரவேண்டாமாம்."

"அப்ப என்ன சொல்லப் போறியள்?"

"ஒண்டும் சொல்லப் போறேல்லை. அறைக்குள்ள அவையின்ர பிள்ளை இருமிக்கொண்டு கிடந்தது. எப்படியிருக்கெண்டு கேக்கப் போறன்."

"எவ்வளவு நாளா இருமுது?"

"கேக்கேல்லை."

"ரெண்டுதரம் போயுமோ?"

வட்டக்கச்சிக்கு இறங்கும் இடம் வந்ததும், கிளிநொச்சிச் சந்தைக்கென்று புறப்பட்டிருந்த அந்தப் பெண்ணும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நடவுங்கோ, நானும் வாறன்."