எதுக்கு மேடம் கேட்ட வால்வு

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாக இயக்குநர் அவர்களே, மூத்த பொறியாளர்களே, முதல் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் மறைந்த நம் அம்மையாரின் கணவர் அவர்களே, சக ஊழியர்களே, வணக்கம்.

அழுதுகொண்டே பேச வேண்டியவன் நான். ஆனால் சற்றுமுன் வாசித்த இரங்கல் தீர்மானத்தைக் கேட்டதும் அழுகை நின்றுவிட்டது. “அன்னாரின் மனைவிக்கு ஆழ்ந்த அனுதாபம்” என்றார்கள். மனைவியா? போன வருடம் மறைந்த கணக்காளருக்கு எழுதியதை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள்! சாவிலுமா காப்பி?

இந்த வியாதியோடுதான் நம் தகவல் ஒருங்கிணைப்பாளர், நாமெல்லாம் கேலியாக “எதுக்கு மேடம்” என்றழைத்த அம்மையார், கடைசிவரை மல்லுக்கட்டினார். கட்டடத்தின் மாதிரியைக் கணினியில் உருவாக்கும் முன், அதில் என்னென்ன தகவல் வேண்டும் என்று கட்டடத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்டு வரையறுப்பது அவர் வேலை. நாற்காலியின் நிறம் வேண்டும் என்றால்கூட விடமாட்டார். “இது தெரிஞ்சு எதுக்கு? நாளைக்கு யாரு இதைப் பார்த்து என்ன செய்யப் போறாங்க?” என்பார்.

ஆஸ்பத்திரி வேலை வந்தது. அம்மையார் நேரே பராமரிப்பு ஆட்களிடம் போய் உட்கார்ந்தார். தண்ணீர் வால்வுகள் எங்கே இருக்கின்றன, எதை மூடினால் எந்த வார்டில் தண்ணீர் நிற்கும், அது தெரிந்தால் போதும் என்றார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? இழுத்தடிக்கிறார் என்று அவரை ஓரங்கட்டினீர்கள். பழைய வணிக வளாகத்துக்கு எழுதிய தகவல் பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டினீர்கள். தள்ளுவண்டி நிறுத்தும் இடமெல்லாம் அதில் உண்டு. வால்வு இல்லை!

குழாய் வெடித்துக் குழந்தைகள் வார்டில் தண்ணீர் புகுந்தபோது மாதிரியைத் திறந்து பார்த்தார்கள். திரைச்சீலையின் நிறம் கிடைத்தது. தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். ஓரங்கட்டப்பட்ட அம்மையார்தான் ஓடினார். பராமரிப்பு ஆட்களோடு ஏணி போட்டு, மேற்கூரைப் பலகைகளைக் கழற்றிக் கழற்றி வால்வைத் தேடிப்பிடித்து மூடினார். இந்த மேடையிலிருந்து யார் போனீர்கள்? வாடிக்கையாளர் கேட்கவே இல்லையே என்று போனில் கைகழுவினீர்கள். இன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறீர்கள். அருவருப்பாக இருக்கிறது.

உள்ளே வரும்போது அவர் கணவரிடம், நாங்கள் என்ன செய்ய வேண்டும் ஐயா என்று கேட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“அவ சொன்ன அந்த வால்வெல்லாம் இப்பவாவது அதுல ஏத்திட்டீங்களா தம்பி?”

இல்லை ஐயா. இன்னும் இல்லை. ஆஸ்பத்திரியின் அடுத்த கட்டடமும் இதே ஒட்டுவேலையோடு தொடங்கவிருக்கிறது. பராமரிப்பு ஆட்களைக் கேட்காமல் அதில் என் கையெழுத்து விழாது. இது அம்மையார் மேல் ஆணை! நாளைக் காலை தண்ணீர் புகுந்த அந்தப் பழைய கட்டடத்துக்குப் போகிறேன். ஒவ்வொரு வால்வையும் நேரில் பார்த்து மாதிரியில் ஏற்றப் போகிறேன்.

இனி நம்மை எழுந்து மௌனமாக நிற்கச் சொல்வார்கள். நாம் இதுவரை மௌனமாக இருந்தது போதாதா? எனக்கு ஏணி பிடிக்க ஆள் வேண்டும். யார் வருகிறீர்கள்?